அளவு கொடுத்தவர்களுக்கே கவசம்

பெங்களூருவின் உடைந்த கோட்டையிலிருந்து விண்வெளி வீரர்களைச் சோதிக்கும் மையம் வரை நீளும் ஒரு பழைய கதை

பெங்களூரு கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட்டில் விடியும் முன்பே மல்லிகை மூட்டைகள் வந்து இறங்கிவிடுகின்றன. ஆட்டோ ஹாரன், பூ வியாபாரம், கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்த பேரம். இந்தச் சந்தடியில் பக்கத்திலேயே நிற்கும் கோட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கவும் அதிகம் மிச்சமில்லை. 1537-இல் கெம்பே கௌடா மண்ணால் கட்டி, 1761-இல் ஹைதர் அலி கல்லால் எழுப்பிய கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது டெல்லி வாசலும் அதை ஒட்டிய மதிலும் கொத்தளமும்தான்.

மதிலில் பதித்த ஒரு பலகை, 1791 மார்ச் 21 அன்று ஆங்கிலேயர்கள் பிளந்துகொண்டு நுழைந்த இடம் இது என்று அறிவிக்கிறது. இரவு நேரத் தாக்குதல். கார்ன்வாலிஸின் பீரங்கிகள் திறந்துவிட்ட வழியில் படை ஏறி வந்தது. கோட்டைத் தளபதி பகதூர் கான், வயதானவர், கடைசிவரை நின்று போரிட்டு மடிந்தார். அவரோடு நூற்றுக்கணக்கானவர்கள். படையெடுத்து வந்தவர்களில் வெள்ளைக்காரர்களோடு மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். அதாவது இங்கே விழுந்த உடல்களில் தமிழ் பேசிய உடல்களும் உண்டு.

அந்த இரவில் மோதியவர்களின் மார்பை எது காத்தது? ஆங்கிலேயச் சிப்பாயிடம் சிவப்புக் கோட்டு. திப்புவின் காலாட்படையிடம் புலிக்கோடு போட்ட பருத்திச் சீருடை. இரண்டுமே துணி. கவசம் என்ற பொருள் அன்று இல்லாமல் போய்விடவில்லை. அளவு கொடுத்துச் செய்துகொள்ள வசதி உள்ளவர்களிடம் அது பத்திரமாக இருந்தது.

இந்த வித்தியாசம் பெங்களூருவின் பெயரோடு பிறந்தது. நகருக்குத் தெற்கே, ஓசூர் சாலையிலிருந்து விலகிப் போனால் பேகூர். அடுக்குமாடிக் குடியிருப்புகள் சூழ்ந்துவிட்ட இந்தப் பழைய கிராமத்தின் நாகநாதேஸ்வரர் கோவிலில், 9-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஒரு வீரக்கல் இருக்கிறது. கங்க மன்னர்களின் கீழ் இருந்த நாகத்தரன் என்ற தலைவனைச் சேர்ந்த புட்டண செட்டி என்பவர் 'பெங்களூருச் சண்டையில்' இறந்தார் என்று பழைய கன்னடத்தில் அது சொல்கிறது. பெங்களூரு என்ற பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. வெந்த அவரைக்காய் கொடுத்த கிழவியின் கதையால் ஊருக்குப் பெயர் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தாலும், கல் சொல்வது ஒரு சாவுச் செய்தி.

தமிழர்கள் நடுகல் என்று சொல்வதைத்தான் கன்னடத்தில் வீரகல்லு என்கிறார்கள். இந்தக் கற்களில் பெரும்பாலானவற்றில் வீரனின் கையில் வாள் இருக்கும், வில் இருக்கும், கேடயம் இருக்கும். மார்பு திறந்தே இருக்கும். மாடு மீட்கப் போனவனும் ஊர் காக்க நின்றவனும் இடுப்புத் துணியோடு போனார்கள். மெய்ம்மறை என்ற அழகான பழஞ்சொல் தமிழில் உண்டு. உடலை மறைத்துக் காப்பது என்று பொருள். சங்கப் புலவர்கள் அந்தச் சொல்லைச் சேர மன்னனுக்கே அடைமொழியாக்கினார்கள். படைக்கு அரசன்தான் கவசம் என்று. புகழ்ச்சிதான். ஆனால் சாதாரண வீரனுக்கு வேறு கவசம் இல்லை என்ற உண்மையும் அதற்குள் ஒளிந்திருக்கலாம்.

இன்று உலகில் இரும்புக் கவசம் செய்யச் சொல்லி அளவு கொடுப்பவர்கள் மன்னர்களும் இல்லை, சிப்பாய்களும் இல்லை. வார நாட்களில் அலுவலகம் போகும் சாதாரண ஆட்கள். இடைக்காலப் போரை விளையாட்டாக ஆடும் பழக்கம் மேல்நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1966-இல் தொடங்கிய ஓர் அமைப்பு பிரம்பு வாட்களால் மோதுகிறது. கிழக்கு ஐரோப்பாவில் வளர்ந்த 'பூஹர்ட்' இன்னும் கடுமையானது. 2010-இல் உக்ரைனின் ஹோட்டின் கோட்டையில் நாடுகளுக்கிடையே முதல் பெரிய போட்டி நடந்தது. ஆயுதங்கள் எஃகு, முனை மழுங்கியவை. குத்தக் கூடாது, வெட்டலாம். பிடரியிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் அடிக்கக் கூடாது. இரண்டு பாதங்களைத் தவிர உடம்பின் வேறு ஏதாவது தரையைத் தொட்டால் அவுட். நம்மூர் மல்யுத்தமும் கத்திச்சண்டையும் ரக்பி ஆட்டமும் சேர்ந்தாற்போல இருக்கும்.

இந்த ஆட்டத்தில் ஆளைக் காப்பது கவசத்தின் கனம் மட்டும் இல்லை. அளவும்தான். முழுத் தகட்டுக் கவசம் 20 முதல் 30 கிலோ வரை எடை போடும். அந்தப் பாரம் தோளில் மட்டும் தொங்கினால் பத்து நிமிடத்தில் ஆள் சோர்ந்துவிடுவார். இடுப்பு வளைவில் தகடு சரியாக உட்கார்ந்தால் பாரம் பங்கிடப்படும். அக்குள் வளைவு அரை அங்குலம் தவறினால் கை தூக்க முடியாது. முழங்கை மூட்டுத் தகடு கொஞ்சம் கீழே இறங்கினால் கை மடங்காது. தலைக்கவசம் தளர்வாக இருந்தால் அடி விழும்போது அது சுற்றிக்கொள்ளும்; கண்ணுக்கான திறப்பு காதுக்குப் போய்விடும். இறுக்கமாக இருந்தால் பஞ்சு மெத்தைக்கு இடம் இருக்காது. தகட்டில் விழும் அடி நேரே மண்டை ஓட்டில் இறங்கும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. மிலானிலும் ஆக்ஸ்பர்க்கிலும் நியூரம்பர்க்கிலும் வேலை செய்த பழைய கவசக் கொல்லர்கள் அடிப்படையில் தையல்காரர்கள்தான். துணிக்குப் பதில் எஃகு. தூரத்தில் இருக்கும் பிரபு தன்னுடைய இறுக்கமான மேல்சட்டை ஒன்றை அளவுக்காக அனுப்பிவைப்பார். நம் வீடுகளில் தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்து அனுப்புவதைப் போலத்தான். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி கிரீனிச்சில் தனக்கென்றே ஒரு கவசப் பட்டறை வைத்திருந்தார். இளமையில் செய்த கவசத்தையும் முதுமையில் செய்த கவசத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மன்னரின் தொப்பை எவ்வளவு வளர்ந்தது என்று இன்றும் அளந்து சொல்லிவிடலாம். சரித்திர ஆசிரியர்கள் மறைத்தாலும் இரும்பு மறைக்காது.

தக்காணத்தில் கவசம் வேறு வழியில் வளர்ந்தது. வெயில் ஒரு காரணம். குதிரை மேல் வேகமாகத் திரும்பும் போர்முறை இன்னொரு காரணம். முழுத் தகட்டை விட, சிறு இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய சட்டை இங்கே பெரிதும் விரும்பப்பட்டது. அதன் மேல் மார்பு, முதுகு, இரு விலா என நான்கு பலகைகளை வாரால் கட்டிக்கொள்வார்கள். பாரசீகத்திலிருந்து வந்த இதன் பெயர் 'சஹார் ஆயினா', நான்கு கண்ணாடிகள். வளையச் சட்டை உடம்போடு நெகிழ்ந்து கொடுக்கும்; வாரை இழுத்தால் பலகைகள் சேரும். அப்பன் சட்டையை மகன் ஓரளவு போட்டுக்கொள்ளலாம். தகட்டுக் கவசத்தில் அது நடக்காது.

இன்னொரு வகை, துணியே கவசமாவது. பருத்தியைப் பல அடுக்காக வைத்து நெருக்கமாகத் தைத்த தடித்த அங்கி. சிலவற்றில் ஆயிரக்கணக்கான சிறு பித்தளை ஆணிகளைப் பதித்திருப்பார்கள். வாள் வீச்சு பஞ்சில் சிக்கி வேகம் இழக்கும். திப்பு சுல்தானுடையவை என்று பிரிட்டனின் சேகரிப்புகளில் வைத்திருப்பவற்றில் இப்படிப் பஞ்சு வைத்துத் தைத்த மார்புக் கவசமும் தலைக்கவசமும் உண்டு.

ஆனால் 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டண வாசலில் பிணக்குவியலுக்குள் தீவட்டி வெளிச்சத்தில் திப்புவின் உடலைக் கண்டெடுத்தபோது அதில் கவசம் இல்லை. மெல்லிய வெள்ளைச் சட்டை, பூப்போட்ட சீட்டித் துணியில் கால்சட்டை, இடுப்பில் சிவப்புத் துணி, கையில் ஒரு தாயத்து. நெற்றிப்பொட்டுப் பக்கம் குண்டு பாய்ந்திருந்தது. தைத்து வைத்த கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கடைசியில் தன் சிப்பாய்களைப் போல் துணியோடு போனார்.

கோட்டையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் திகளர்பேட்டை. தோட்டத் தொழிலில் பேர் போன திகளர் சமூகத்துக்குத் தமிழ் மண்ணோடு பழைய தொடர்பு உண்டு. சித்திரைப் பௌர்ணமி இரவில் இங்குள்ள தர்மராயர் கோவிலிலிருந்து கரகம் புறப்படும். மல்லிகைப் பூங்கோபுரம் போன்ற கரகத்தைத் தலையில் தாங்கி வருபவருக்குக் காவலாக வீரகுமாரர்கள் உருவிய வாளோடு ஓடுவார்கள். வெற்று மார்பு. அதற்கு முன் 'அலகு சேவை' என்று தங்கள் மார்பிலேயே வாளால் அடித்துக்கொள்வார்கள். கவசம் இல்லாததைப் பெருமையாகக் காட்டும் சடங்கு இது. கேடயம் திரௌபதி அம்மன்.

பேட்டைச் சந்துகளில் 'கரடி மனை' என்று கேட்டால் தமிழர்கள் திடுக்கிட வேண்டாம். கன்னடத்தில் மல்யுத்தக் கூடத்துக்கு அதுதான் பெயர். செம்மண் குழி, கதாயுதம், சுவரில் அனுமார். இந்த மரபின் உச்சம் மைசூரில் தசராவின்போது நடக்கும் வஜ்ரமுஷ்டி. மைசூர், சன்னபட்டணம், சாமராஜநகர், பெங்களூரு ஆகிய ஊர்களின் ஜெட்டி குடும்பத்து மல்லர்கள் விஜயதசமி அன்று அரண்மனை முற்றத்தில் ஜோடி ஜோடியாக இறங்குவார்கள். தலை மழித்து ஒரு சிறு குடுமி மட்டும். வலது கையில் கொம்பில் செய்த கூர்முனை முஷ்டி. உடம்பில் காப்பு எதுவும் கிடையாது.

அப்படியானால் யாரும் சாகாமல் எப்படித் தப்புகிறார்கள்? தலையில் முதல் துளி ரத்தம் தெரிந்த கணமே ஆட்டம் முடிந்தது. பல ஜோடிகள் சில வினாடிகளில் பிரிந்துவிடுவார்கள். பூஹர்ட் ஆட்டக்காரர் எஃகைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் அடி வாங்குகிறார். ஜெட்டி வெற்று உடம்போடு வந்து உடனே நிறுத்திக்கொள்கிறார். அங்கே இரும்பு கவசம், இங்கே விதி கவசம். விளையாட்டில் இரண்டும் செல்லுபடியாகும். எதிராளி இருவருக்கும் பொதுவான விதிக்குக் கட்டுப்பட்டவன் என்பதால். போரிலும் கலவரத்திலும் அந்த உறுதிமொழியை யாரும் கொடுப்பதில்லை.

அதனால்தான் பேகூரைத் தாண்டி இன்னும் தெற்கே போக வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால் ஜிகணி தொழிற்பேட்டை. லாரிகள், டீக்கடைகள், ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள். டாடா அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ் என்ற பெயரில் அப்போது இங்கே இயங்கிய நிறுவனத்துக்கு 2016-இல் ராணுவம் 50,000 குண்டு துளைக்காத ஜாக்கெட்டுகளுக்கு அவசர ஆர்டர் கொடுத்தது. ராணுவத்தின் தேவை அதைப் போலப் பல மடங்கு. 2018-இல் வேறொரு நிறுவனத்தோடு 1,86,138 ஜாக்கெட்டுகளுக்கு 639 கோடி ரூபாயில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நாட்டில் இப்படிப்பட்ட ஜாக்கெட்டுக்கென இந்திய தர நிர்ணய அமைவனம் முதல் தரநிலை வெளியிட்டதும் அந்த 2018-இல்தான். அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் காவல்துறை அதிகாரி ஹேமந்த் கர்கரே கொல்லப்பட்டார். அவர் அணிந்திருந்த ஜாக்கெட்டின் தரமும், அது பிறகு காணாமல் போனதும் நாடு முழுவதும் கேள்வியாயின.

ஜாக்கெட்டுக்குள் இருப்பது திப்புவின் தையல்காரருக்கு அந்நியமான யோசனை அல்ல. அடுக்கடுக்கான இழை. பருத்திக்குப் பதிலாக அராமிட். 1965-இல் டுபாண்ட் நிறுவனத்தின் ஸ்டெஃபனி குவாலெக் என்ற பெண் வேதியியலாளரின் ஆராய்ச்சியில் பிறந்த கெவ்லார் இந்த வகை இழைதான். குண்டின் வேகத்தை இழைகள் வலைபோலப் பக்கவாட்டில் பரப்பிவிடுகின்றன. துப்பாக்கி வந்த பிறகு இரும்பைத் தோற்கடித்த குண்டைத் துணி திரும்ப வந்து பிடித்தது. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு இது போதும். ரைஃபிள் குண்டுக்குக் கூடுதலாகக் கடினமான பீங்கான் பலகையை முன்னும் பின்னும் செருக வேண்டும்.

பலகை வந்த உடனே பழைய பிரச்சினையும் வந்துவிட்டது. ஜாக்கெட் பெரிதானால் பலகை வயிற்றுக்குச் சரியும். இதயம் திறந்து கிடக்கும். சிறிதானால் விலா தெரியும். தரையில் படுத்துச் சுடும்போது நீளம் கூடிய ஜாக்கெட் கழுத்தில் முட்டி ஹெல்மெட்டைக் கண்ணுக்கு மேல் தள்ளும். ஆயிரக்கணக்கில் வாங்கும் அரசு ஒவ்வொருவருக்கும் அளவெடுப்பதில்லை. சின்னது, நடுத்தரம், பெரியது என்று கட்டுக் கட்டாக வரும். குவியலில் மிச்சம் இருப்பதைப் போட்டுக்கொள்ள வேண்டிய நிலை கடைசி ஆளுக்கு எந்தப் படையிலும் வரலாம்.

பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். கவச ஜாக்கெட்டின் அடிப்படை அளவு உலகம் முழுவதும் ஆணின் உடம்பு. மார்பு வளைவுக்கு இடம் இல்லாத ஜாக்கெட் விலாவில் இடைவெளி விடும், துப்பாக்கியைத் தோளில் பொருத்த விடாது, மூச்சை இறுக்கும். அமெரிக்க ராணுவமே பெண்களின் உடலமைப்புக்கென்று தனியாக வெட்டிய கவசத்தை 2010-களில்தான் கொடுக்க ஆரம்பித்தது. இந்தியாவில் காவல்துறையிலும் துணை ராணுவத்திலும் பெண்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே இருக்கிறது. அவர்களுக்குச் சின்ன சைஸ் ஆண் ஜாக்கெட் போதும் என்று நினைப்பது, ஹென்றியின் கவசத்தை அவர் ராணிக்கு மாட்டிவிடுவதற்குச் சமம்.

அளவெடுத்தால் என்ன சாத்தியம் என்பதற்கும் இதே நகரில் சாட்சி இருக்கிறது. பழைய விமான நிலையச் சாலையில் விமானபுரா. இங்குள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் 1957-இல் தொடங்கியது. போர் விமானம் சட்டென்று திரும்பும்போது விமானியின் உடம்பு தன் எடையைப் போல எட்டு, ஒன்பது மடங்கு கனக்கும். ரத்தம் காலுக்கு இறங்கும். பார்வை சாம்பல் நிறமாகி இருண்டுவிடும். அதைத் தடுக்க 'ஜி-சூட்' என்ற உடை. கெண்டைக்கால், தொடை, வயிறு ஆகிய இடங்களில் உள்ள பைகளில் காற்று நிரம்பி உடம்பை இறுக்கும். பெங்களூருவில் உள்ள டெபெல் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் இத்தகைய உடைகளில் வேலை செய்கிறது. இங்கே தளர்வு என்பது அசௌகரியம் அல்ல, மயக்கம். 2016-இல் இந்தியாவின் முதல் மூன்று பெண் போர் விமானிகள் பொறுப்பேற்றபோது உடையின் அளவு என்பது சம உரிமைக் கேள்வியும் ஆகிவிட்டது. வாய்ப்புக் கொடுத்தால் போதாது, உடையும் கொடுக்க வேண்டும்.

ககன்யான் பயணத்துக்கான வீரர்களைச் சலித்துத் தேர்ந்தெடுத்ததும் இந்த நிறுவனத்தில்தான். தேர்வான நால்வர் ரஷ்யாவில் பயிற்சி பெற்ற நாட்களில், 2020-இல், மாஸ்கோ அருகே உள்ள ஸ்வெஸ்தா நிறுவனம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உடல் அளவெடுத்தது. உடைக்கு மட்டுமா, இருக்கையில் முதுகு பதியும் வார்ப்புக்கும் தனி அளவு. அவர்களில் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அணிந்த அமெரிக்க உடையும் அவருக்கென்றே தைத்தது.

நான்கு பேருக்கு அப்படிச் செய்யலாம், நான்கு லட்சம் பேருக்கு முடியுமா என்று நிதித்துறையில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மில்லிமீட்டர் கணக்கில் எல்லோருக்கும் தைக்க வேண்டியதில்லை. மூன்று அளவுக்குப் பதில் எட்டு அளவு, உயரத்துக்குத் தனி வரிசை, பெண்களுக்குத் தனி வெட்டு, வாரை இழுத்துச் சரிசெய்யும் வசதி. இதில் கடைசி யோசனை நான்கு கண்ணாடிக் கவசத்தோடு சில நூற்றாண்டுகளுக்கு முன்பே தக்காணத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பெங்களூருவின் தமிழ் வீடுகள் பலவற்றில் காலையில் கந்தர் சஷ்டி கவசம் ஒலிக்கும். கண், காது, மூக்கு, கழுத்து, மார்பு, விலா, முதுகு, முழங்கால், விரல் என்று ஓர் உறுப்பும் விடாமல் பெயர் சொல்லி, வேல் காக்கட்டும் என்று கேட்கும் பாட்டு. பக்தர் அதைப் பிரார்த்தனையாகக் கேட்பார். கவசம் செய்பவர் கேட்டால் அது ஓர் அளவுப் பட்டியல். ஒருவனைக் காக்க வேண்டுமென்றால் அவன் உடம்பை முழுதாக, இடம் இடமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு.

கர்ணன் ஒருவனுக்குத்தான் கவசம் உடம்போடு பிறந்தது. அளவு பிசகாத ஒரே கவசம் அதுதான். மற்ற எல்லோருக்கும் யாராவது நாடா எடுத்து அளந்தாக வேண்டும். மன்னனுக்கு அளந்தார்கள், பிரபுவுக்கு அளந்தார்கள், பணம் கட்டும் விளையாட்டு வீரருக்கும் விண்வெளிக்குப் போகிறவருக்கும் அளக்கிறார்கள். பேகூர்க் கல்லில் பெயர் மட்டும் மிஞ்சிய புட்டண செட்டியின் வழியில் வந்த கான்ஸ்டபிளும் ஜவானும் வரிசையில் நிற்கிறார்கள். நாடாவும் அளவுப் பட்டியலும் இந்த ஊரில் இல்லாத பொருட்கள் அல்ல.